ரப்பர் புழு வச்சு பாஸ் மீன் பிடிக்கறது எப்படி: காஸ்ட் பண்ணதுக்கு அப்புறம் என்ன செய்யணும்

இங்க அமெரிக்காவுல டெக்சஸ்ல ஏரிக்கரையில புதுசா தூண்டில் எடுத்தவங்களப் பாத்தா ஒரு விஷயம் பொதுவா இருக்கும், தூக்கிப் போடுவாங்க, லைன்ல கோத்த கனக் குண்டு தண்ணியத் தொட்ட அடுத்த நொடியே ரீலை சுத்த ஆரம்பிச்சிடுவாங்க. ஸ்பின்னர்பெய்ட், க்ராங்க்பெய்ட் மாதிரி செயற்கை எரைங்களுக்கெல்லாம் அது ஓகே, அதுங்க இழுத்தாதான் ஆடும். ஆனா குண்டு கோத்த ரப்பர் புழுவுக்கு அப்படி சுத்தினா மீன் இருக்கற எடத்துக்கு மேலயே அது ஓடி வந்துடும். இதுல புழுவ நகத்தற வேலை ராடோடது, ரீல் தொய்வா இருக்கற லைனை சுருட்டிக்க மட்டும்தான். இந்த ஒண்ணு கைக்கு வந்துட்டா மீதி எல்லாம் தானா வரும், அதனால அதையே கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மொதல்ல ரிக்

ரிக்னா ஹூக், குண்டு, புழுவ லைன்ல கோக்கற முறை. டெக்சஸ் ரிக்லயே ஆரம்பிங்க. 1949ல ஒஹையோ மாநிலம் ஆக்ரன்ல நிக் க்ரீம்ங்கறவர் ரப்பர் மாதிரி மெத்துனு ஒரு புழு செஞ்சாரு, அப்புறம் அவரு கம்பெனி டெக்சஸ்ல டைலர் ஊருக்கு வந்துச்சு. இந்தப் பக்கத்து ஏரிங்கள்ல தண்ணிக்குள்ள மரமும் புதரும் ஜாஸ்தி, சாதாரணமா ஹூக் மாட்டினா எல்லாத்துலயும் சிக்கும். அதான் ஹூக் முனைய புழு உடம்புக்குள்ளயே மறைச்சு, முன்னால கூம்பு மாதிரி குண்டு (புல்லட் சிங்கர்) வச்சு போடற இந்த ரிக் இங்க பிடிச்சுப் போச்சு.

வேண்டியது: 7 அடி மீடியம் ஹெவி ராடு, 12லேருந்து 15 பவுண்ட் தாங்கற ஃப்ளூரோகார்பன் லைன், 3/0 ஆஃப்செட் ஹூக், 6 இல்ல 7 இன்ச் புழு, கால் அவுன்ஸ் சிங்கர், அதாவது சுமார் 7 கிராம். சிங்கரோட கூர்ப் பக்கம் ராடு நுனியப் பாத்து இருக்கற மாதிரி லைன்ல கோத்துட்டு ஹூக்கைக் கட்டுங்க. ஹூக் முனைய புழு தலையில ஒரு அரை சென்டிமீட்டர் குத்தி பக்கவாட்டுல வெளிய எடுத்து, ஹூக்கோட கண்ணு வரைக்கும் இழுத்து, திருப்பி, உடம்புல மறுபடி குத்துங்க. புழு நேரா தொங்கணும். வளைஞ்சு இருந்தா இழுக்கறப்ப சுத்திச் சுத்தி லைனை முறுக்கிடும், அதனால பொறுமையா கழட்டி திரும்ப மாட்டுங்க.

விழ விடுங்க

நிறைய கடி வர்றது புழு கீழ விழறப்பதான், அதனால என்னைக் கேட்டா இதான் எல்லாத்தையும் விட முக்கியமான படி. பாஸ் பெரும்பாலும் துரத்தி ஓடற மீன் இல்ல, மரத்தடியிலயோ பாசி ஓரத்துலயோ பதுங்கி இருந்து, பக்கத்துல விழற எரைய வாயைத் திறந்து தண்ணியோட சேத்து உறிஞ்சிக்கும். புழு தண்ணில பட்டதும் ராடு நுனியத் தாழ்த்தி லைனைத் தளர்வா விடுங்க. இறுக்கிப் பிடிச்சா நேரா கீழ போகாம உங்க பக்கமா சரிஞ்சு வந்துடும், நீங்க குறி வச்ச மரத்த விட்டு விலகிடும்.

தளர்வா விட்டுட்டு வேற எங்கயும் பாக்காதீங்க, லைன் தண்ணிக்குள்ள போற எடத்தையே பாருங்க. மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க. போன தடவை எட்டு எண்ணறப்ப தரை தட்டுச்சு, இந்தத் தடவை அதே எடத்துல நாலுலயே நின்னுடுச்சுன்னா நடுவுல ஒரு மீன் வாயில வாங்கியிருக்கலாம். லைன் சுண்டினாலும், பக்கவாட்டுல நகந்தாலும் அப்படித்தான்.

தூக்கு, விடு, சுருட்டு, நில்லு

தரை தட்டினதும் தொய்வை சுருட்டிட்டு, ராடை கடிகார முள்ளா நெனச்சுக்கிட்டு 9 மணியிலேருந்து 11 மணி வரைக்கும் மெதுவா தூக்குங்க. புழு தரையை விட்டு ஒரு அடி, ஒன்றரை அடி எழும்பும். இப்ப விடறப்ப ராடு நுனியையும் கூடவே எறக்குங்க, லைன் ரொம்ப இறுகாம ரொம்பத் தொய்யாம இருக்கணும், அப்பதான் விழறப்ப கடிச்சா கைக்குத் தெரியும். தரை தட்டிடுச்சா, தொய்வை சுருட்டிட்டு அப்படியே நிறுத்துங்க. அஞ்சு செகண்ட், பத்து செகண்ட் கூட. புதுசா வர்றவங்களுக்கு இந்த நிறுத்தம் ரொம்ப கஷ்டம், கை பரபரன்னு இருக்கும், ஆனா நிறைய மீன் அந்த நேரத்துலதான் எடுக்குது.

இது பழகிட்டா மாத்தி மாத்திப் பாக்கலாம்.

இழுவை: ராடை மேல தூக்காம பக்கவாட்டுல ரெண்டு மூணு அடி மெதுவா நகத்துங்க, குண்டு தரையை விட்டு எழும்பவே கூடாது. தண்ணி 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கற குளிர் காலத்துல மீன் சோம்பலா இருக்கும், அப்ப இதான் சரி. தரை எப்படின்னும் இதுல புரியும். கல்லுன்னா டிக் டிக்குன்னு தட்டும், சேறுன்னா கனமா வழுக்கும், பாசின்னா ரப்பர் மாதிரி இழுபட்டு விடும். சேறா இருந்த தரை திடீர்னு கல்லா மாறுற எடம் வந்தா அங்கயே நிறுத்தி நேரம் குடுங்க.

குதிக்க வைக்கறது: மணிக்கட்டால சின்னதா ரெண்டு சுண்டு, அப்புறம் விடறது. தண்ணி வெதுவெதுப்பா இருக்கறப்ப, நண்டு மாதிரி செஞ்ச ரப்பர் பெய்ட்டுக்கு நல்லா வேலை செய்யும்.

எடத்துலயே நடுங்க விடறது: புழு ஒரு கிளை மேல ஏறி உக்காந்துட்டா உடனே இழுத்துத் தாண்டாதீங்க, லைனைக் கொஞ்சம் தளர்த்தி ராடு நுனிய மட்டும் நடுங்க விடுங்க, அப்புறம் மெதுவா தாண்ட விட்டு அந்தப் பக்கம் விழ விடுங்க.

நீந்த விடறது ஒண்ணுலதான் ரீலை சுத்தறதே வேலை. துடுப்பு மாதிரி வால் இருக்கற பெய்ட்ட பாசிக்கு மேல ஒரே வேகத்துல சுத்திக் கொண்டு வரலாம்.

ஆழமா, மரம் புதர் இல்லாத திறந்த எடமா இருந்தா கரோலினா ரிக். முக்கால் அவுன்ஸ் சிங்கர், லைன்ல கோக்கற சின்ன மணி (பீட்) ஒண்ணு, சுவிவல்ங்கற சுழல் வளையம், அதுக்குப் பின்னால ரெண்டு மூணு அடி தனி லைன்ல ஹூக்கும் புழுவும். இதுக்கு மேல சொன்ன பக்கவாட்டு இழுவை மட்டும் போதும், குண்டு தரையில புழுதிய கிளப்பிக்கிட்டு முன்னால போகும், புழு பின்னாலயே மிதந்து மிதந்து எறங்கும்.

கடிச்சா

டக், டக்குன்னு ரெண்டு தட்டு வந்தா பெரும்பாலும் பாஸ். தடதடன்னு விடாம சின்னச் சின்னதா தட்டினா ப்ளூகில் மாதிரி பொடி மீனு வால இழுத்துப் பாக்குதுன்னு அர்த்தம், அதுக்கு இழுக்காதீங்க. சில சமயம் தட்டே வராது, தூக்கறப்ப ஈரத் துணி மாட்டின மாதிரி ஒரு கனம் மட்டும் இருக்கும், அதையும் மீனாவே எடுத்துக்குங்க.

ராடு நுனிய மீன் பக்கம் தாழ்த்தி, தொய்வை வேகமா சுருட்டி, மேல நோக்கி பலமா அடிச்சு இழுங்க. ஹூக் முனை புழுவுக்குள்ள இருக்கறதால அதக் கிழிச்சிட்டுத்தான் வாயில ஏறணும், மெதுவா இழுத்தா ஏறாது. கரோலினா ரிக்ல மட்டும் மேல அடிக்காம பக்கவாட்டுல நீளமா வீசி இழுக்கணும், லைன் அவ்ளோ நீளம் கெடக்குல்ல. நல்லா முழுங்கட்டும்னு காத்திருக்காதீங்க, ஹூக் தொண்டைக்குப் போயிட்டா அந்த மீனத் திரும்ப விட்டாலும் பொழைக்கறது கஷ்டம்.

மரத்துல சிக்கிட்டா பலமா இழுக்கக் கூடாது, இன்னும் ஆழமா ஏறிடும். லைனைத் தளர்த்தி நுனிய ஆட்டுங்க, குண்டோட கனத்துலயே நிறைய தடவை கழண்டுடும். இல்லன்னா கரையில நடந்து எதிர்ப்பக்கம் போய் இழுங்க.

டெக்சஸ்ல 17 வயசு ஆனவங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். ஏரிக்கு ஏரி அளவும் மாறும், லேக் ஃபோர்க் ஏரியில 16லேருந்து 24 இன்ச் வரைக்கும் இருக்கற பாஸ தண்ணிலயே திருப்பி விட்டுடணும், அதனால அளவு பலகை ஒண்ணு கூடவே வச்சுக்குங்க, மீனைத் தொடறதுக்கு முன்னாடி கையை நனைச்சுக்குங்க.