பழைய காமிக்ஸ் விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

விற்பது என்று முடிவு செய்துவிட்டால், முதல் வேலையாக இருக்கிற காமிக்ஸை இரண்டு பெட்டியாகப் பிரித்து வையுங்கள். பள்ளிக்கூடம் போன காலத்தில் நீங்களே வாங்கிப் படித்து, அட்டாலியில் ஏற்றி வைத்தவை ஒரு பெட்டி. விற்கலாம் என்ற எண்ணத்தோடு பழைய பேப்பர் கடையிலும் ஏலத்திலும் பிடித்தவை இன்னொரு பெட்டி. இரண்டையும் கலக்காதீர்கள். அட்டை எப்படி இருக்கிறது, என்ன விலை போகும் என்பதெல்லாம் அப்புறம். வருமான வரிக் கணக்கு இந்தப் பெட்டிகளில் இருந்துதான் ஆரம்பிக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவிநாசி, கோபி, தாராபுரம் என்று ஏதாவது ஒரு பக்கம் பழைய பேப்பர் கடைக்குக் கிளம்பிவிடுவேன். கிடைத்ததில் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை ஆன்லைனில் விற்கிறேன். "ஏனுங்க்கா, நம்மகிட்ட ரெண்டு பெட்டி ராணி காமிக்ஸ் கிடக்குது, என்ன விலைக்குப் போகுங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது பாதிக் கேள்வி. கமிஷன், கூரியர், வரி எல்லாம் போக என்ன நிற்கும் என்பது மீதிப் பாதி. அதை யாரும் கேட்பதில்லை.

சரக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் இருந்து வர ஆரம்பித்தது, இரும்புக்கை மாயாவியோடு. லயன், ராணி இரண்டும் 1984. ராணி 2005-ல் நின்றுவிட்டது. இந்திரஜால் 1964-ல் தொடங்கி 1990 வரை ஓடியது. முத்துவின் எழுபதுகள், லயனின் முதல் சில வருடங்கள், தமிழ் இந்திரஜால் இவற்றுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. ஆனால் முத்து, லயன் கதைகளில் பல பிற்பாடு மறுபதிப்பாக வந்திருக்கின்றன. கதைப் பெயரை மட்டும் வைத்து விலை சொன்னால், வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்ததும் சண்டைதான். இதழ் எண், அட்டையில் அச்சிட்ட விலை, தாள் மூன்றையும் பார்த்து முதல் பதிப்பா மறுபதிப்பா என்று உறுதி செய்து, அதை விற்பனைத் தலைப்பிலேயே எழுதுங்கள். வெறுமனே 'மாயாவி' என்று தலைப்பு போடாதீர்கள். முத்துவின் இரும்புக்கையா, ராணியில் அதே பெயரில் வந்த முகமூடிக்காரரா என்று கேட்டே போன் அடித்துக்கொண்டிருக்கும்.

நிலைமையை எழுதுவதில்தான் விற்பனை நிற்கிறது. 'நல்ல கண்டிஷன்' என்ற வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். முன் அட்டை, பின் அட்டை, முதுகு, ஸ்டேப்ளர் பின் தெரிகிற நடுப்பக்கம், முதல் பக்கம் இவ்வளவையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அப்புறம் புத்தகத்திலேயே மோசமான இடம் எதுவோ, அதைத் தனியாக ஒரு படம். பின் துருப்பிடித்திருக்கிறதா, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா, வாடகை நூலகத்து முத்திரை இருக்கிறதா, கூப்பன் வெட்டியிருக்கிறார்களா, எல்லாம் சொல்லிவிடுங்கள். பைண்டு செய்த தொகுப்பு என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். பைண்டர் ஓரங்களை வெட்டியிருப்பார். சேகரிப்பவருக்கு அது பெரிய குறை, படிக்க வாங்குபவருக்கு வசதி. கிழிசலை செலோடேப் போட்டு ஒட்டி 'சரி' செய்யாதீர்கள். சில வருடத்தில் டேப் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். கிழிந்த புத்தகம் கிழிந்த புத்தகமாகவே நல்ல விலைக்குப் போகும்.

உறை விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி. பனியன் மடித்துப் போடுகிற பாலி பேக் காமிக்ஸ் அளவுக்குக் கச்சிதமாக இருக்கும், மொத்த விலைக் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். பிபி (பாலிப்ரொப்பிலீன்) கவரா என்று கேட்டு வாங்குங்கள். பிவிசி வேண்டாம், நாளாக ஆக அச்சில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சட்டைக்கு வைக்கிற அட்டை ஒன்று வைத்தால் மூலை மடங்காது.

சரி, பணத்துக்கு வருவோம். பெரிய விற்பனைத் தளத்தில் 600 ரூபாய்க்கு ஒரு புத்தகம் போகிறது. கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 90 ரூபாய். ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம் 30. அவர்களே அனுப்பும் செலவு 60. ஆக 180. இந்த 180-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 32 ரூபாய் 40 காசு. உங்களுக்கு வருவது 387 ரூபாய் 60 காசு. கவர், அட்டை, பெட்டிக்கு 20 ரூபாய், புத்தகம் வாங்கிய விலை 150 கழித்தால் 217 ரூபாய் 60 காசு. தளத்துக்குத் தளம் சதவீதம் மாறும்; மாதத்துக்கு மாதம்கூட மாற்றுவார்கள். அதனால் விலை போடும் அன்றைக்கு அந்தத் தளத்தின் கட்டணப் பட்டியலை எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். 100 ரூபாய்ப் புத்தகத்துக்கு இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். மலிவு இதழ்களை ஐந்து, பத்து என்று கட்டாகக் கட்டித்தான் விற்க வேண்டும்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் கமிஷன் இல்லை, யுபிஐ-க்கும் கட்டணம் இல்லை. நம்பிக்கை ஒன்றுதான் முதல். ஏலம் விட்டால் எத்தனை மணிக்கு முடியும், குறைந்தது எவ்வளவு ஏற்றிக் கேட்க வேண்டும், தபால் செலவு யாருடையது என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதைப் பார்த்துப் பார்சலைக் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். நமக்குப் பணம் வர யுபிஐ ரகசிய எண் (PIN) போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அவர் காமிக்ஸ் வாங்க வந்தவர் இல்லை. பழைய இதழை ஸ்கேன் செய்து பிடிஎஃப் விற்கும் கூட்டமும் அங்கே உண்டு. உங்கள் கையிலுள்ள பிரதியை விற்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, நகல் எடுத்து விற்க இல்லை. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அனுப்புவதில் ஒரு சிக்கல். அஞ்சல் துறை 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று புத்தகங்களுக்கு ஒரு சேவை நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங் உண்டு. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்குத்தான் அது. குறிப்பிட்ட இடைவெளியில் வரும் பத்திரிகைகளையும் விளம்பரம் உள்ளவற்றையும் எடுக்கமாட்டார்கள். மாத இதழாக வந்து, பின் அட்டையில் விளம்பரமும் இருக்கிற பழைய காமிக்ஸை நீட்டினால் கவுண்டரில் இருப்பவர் திருப்பிக் கொடுக்கலாம்; விதிப்படி அவர் செய்வது சரியே. எனவே தபால் செலவை ஸ்பீட் போஸ்ட் கணக்கிலேயே சொல்லிவிடுங்கள். விலை அதிகமான புத்தகத்துக்கு இன்ஷூரன்ஸும் சேருங்கள். ஒரு கூரியரில் எனக்கு வந்த பார்சல் மழையில் ஊறி, தாள் எல்லாம் ஒட்டிக் கட்டியாக இருந்தது. அன்றிலிருந்து வெளி உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் சுற்று இல்லாமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

இனி ஜிஎஸ்டி. அச்சிட்ட புத்தகத்துக்கும் பருவ இதழுக்கும் ஜிஎஸ்டி இல்லை, பழையதானாலும் புதியதானாலும். வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவும் வேண்டியதில்லை. புத்தகம் மட்டும் விற்பவர்களைப் பெரிய தளங்கள் பான் கார்டை வைத்தே சேர்த்துக்கொள்கின்றன. புத்தகத்துக்கு வரி இல்லை. அதைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றுக்கும் உண்டு. கமிஷனுக்கு, கூரியருக்கு, கவருக்கு நீங்கள் கொடுத்த ஜிஎஸ்டி திரும்ப வராது, செலவோடு செலவுதான். 'கூடவே நாலு பொம்மையும் போஸ்டரும் விற்போமே' என்று தோன்றும்போது நின்று யோசியுங்கள். அவை வரி உள்ள பொருட்கள். சேர்த்த அன்றைக்கு 'புத்தகம் மட்டும்' என்ற உங்கள் நிலை போய்விடும். அதே மாதிரி, அடுத்தவர் காமிக்ஸை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கினால் அது சேவை, வரிக்குள் வரும்.

வருமான வரிக்கு அந்த இரண்டு பெட்டிகளை எடுங்கள். முதல் பெட்டி சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த அசையும் பொருள். அதை விற்பதில் வரும் லாபம் மூலதன ஆதாயக் கணக்கில் வராது. சட்டம் இந்தச் சலுகையில் இருந்து நகை, ஓவியம், கோட்டோவியம், சிற்பம், கலைப்படைப்பு, தொல்பொருள் சேகரிப்பு ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கிறது. அதாவது அட்டைப்படம் அச்சான இதழ் வேறு, அந்த அட்டைக்காக ஓவியர் கையால் வரைந்த மூல ஓவியம் வேறு. ஓவியம் உங்களிடம் இருந்து, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. முதல் பெட்டி உங்களுடையதுதான் என்பதற்குச் சந்தா ரசீது, பழைய அலமாரிப் படம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். முதல் பக்கத்தில் 'ஏழாம் வகுப்பு பி பிரிவு' என்று பேனாவில் பெயர் எழுதி வைத்திருப்பீர்களே, விலையைக் குறைக்கிற அந்தக் கிறுக்கல் இங்கே சாட்சி.

இரண்டாவது பெட்டி வியாபாரம். சின்னதாக இருந்தாலும் வியாபார வருமானம்தான், ஆகவே சம்பளக்காரர் வழக்கமாகப் போடுகிற ஐடிஆர்-1 என்ற வருமான வரிப் படிவம் இனி ஆகாது. எளிய வழி உத்தேச வருமான முறை. வங்கி வழியாக, யுபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் குறைந்தபட்ச வருமானமாகக் காட்டி ஐடிஆர்-4 போடலாம். வருடத்துக்கு 2,40,000 ரூபாய் விற்பனை, எல்லாம் யுபிஐ என்றால் 14,400 ரூபாய். உண்மையில் கிடைத்தது அதைவிட அதிகம் என்றால் அதிகத்தைக் காட்டுங்கள். கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர்களுக்கு இந்த முறை கிடையாது. புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டுக்கு, சாதாரண வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி வராது; சம்பளத்தில் 75,000 நிலைக்கழிவும் உண்டு. ஆனால் வரி வரவில்லை என்பதும் கணக்கு காட்ட வேண்டாம் என்பதும் வேறு வேறு.

ஏனென்றால் உங்கள் விற்பனை வருமான வரித் துறைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஆன்லைன் தளங்கள் மொத்த விற்பனைத் தொகையில் 0.1 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் 1 சதவீதமாக இருந்தது. தனிநபர் பான் அல்லது ஆதார் கொடுத்திருந்து, வருடத்துக்கு 5 லட்சத்துக்குள் விற்றால் பிடிக்கமாட்டார்கள். பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போய்விடும். கமிஷன் கழித்து வங்கிக்கு வந்த தொகையை அல்ல, வாங்கியவர் கொடுத்த முழு விலையைத்தான் விற்பனையாக எழுத வேண்டும். மேலே சொன்ன புத்தகத்துக்கு 600, 387.60 அல்ல. புதிதாக வருகிற பலரின் நோட்டில் நான் பார்க்கிற கோளாறு இதுதான். ஜூனில் வருமான வரித் துறையின் தளத்தில் இருந்து உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையை (ஏஐஎஸ்) இறக்கி உங்கள் நோட்டோடு ஒத்துப் பாருங்கள்.

நோட்டில் தேதி, இதழ் பெயரும் எண்ணும், எந்தப் பெட்டி, வாங்கிய விலை, விற்ற விலை, கட்டணம், தபால் இவ்வளவு போதும். பேப்பர் கடைக்காரர் பில் தரமாட்டார். "எடைக்குப் போடறதுக்கு என்னத்துக்குங்க்கா பில்லு?" என்பார். அவருக்கும் யுபிஐ-யிலேயே கொடுத்துவிட்டால் வாங்கிய விலைக்கு ஒரு தடயம் இருக்கும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தும் கேட்பார்கள். வியாபாரமாக வெளிநாட்டுக்கு அனுப்ப ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான குறியீட்டு எண்) வேண்டும், ஆன்லைனில் 500 ரூபாய் கட்டணம். அங்கே சுங்கம் வந்தால் வாங்குபவர் பொறுப்பு என்று முன்பே எழுதிவிடுங்கள். இங்கே இருக்கும் உறவினர் முகவரிக்கு அனுப்பச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதுதான் நிம்மதி.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் காமிக்ஸ் வாசகர்கள் வெளியூர்களில் இருந்தெல்லாம் வந்து கூடுவார்கள். விலை பெரிய இதழ்களை நான் அந்த நாட்களுக்கென்று ஒதுக்கி வைப்பேன். கமிஷன் இல்லை, தபால் இல்லை, வாங்குபவர் நடுப்பக்கத்தைத் தானே புரட்டிப் பார்த்துவிடுவார். ரொக்கமாகக் கொடுத்தால் அதை 8 சதவீதக் கணக்கில், திருப்பூர் பஸ் ஏறுவதற்குள் நோட்டில் ஏற்றிவிட வேண்டும்.