காகிதம்தானே என்று விட்டுவிடாதீர்கள்: உணவு உறைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

காகிதக் கப் ஒன்றின் விளிம்பைப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் அட்டை நார்நாராகக் கழன்று வரும். எல்லாம் போன பிறகு கையில் மிஞ்சுவது வெங்காயத் தோல் போல மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. கப்பின் எடையில் அது பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். திரவம் சிந்தாமல் நிற்பதற்கும் கப் முழுதாக மக்கிப் போகாமல் கிடப்பதற்கும் அந்தச் சவ்வுதான் காரணம்.

உணவு உறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். காகிதத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். அதோடு என்ன ஒட்டியிருக்கிறது, எதற்காக ஒட்டியிருக்கிறது, ஒட்டியதைப் பிரிக்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது

வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பது போல, பழுப்பாக இருப்பதெல்லாம் மறுசுழற்சிக் காகிதமும் இல்லை. கிராஃப்ட் பேப்பரின் பழுப்பு, கூழை வெளுக்காமல் விட்டதால் வரும் நிறம். அந்தக் கூழ் புதிதாக வெட்டிய மரத்திலிருந்து வந்திருக்கலாம். உள்பக்கம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூசியும் இருக்கலாம். மேலே பழுப்பு மை அச்சடித்த வெள்ளை அட்டைகளும் உண்டு. ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: நார் தூசியாகப் பிரிந்தால் வெறும் காகிதம், கிழிந்த இடத்தில் மெல்லிய சவ்வு இழுபட்டு நீண்டால் பிளாஸ்டிக் அடுக்கு இருக்கிறது. இது சட்டத்திலும் பார்க்கப்படுகிற விஷயம். பிளாஸ்டிக் உள்பூச்சு உள்ள காகிதக் கப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் விதிகளின் கீழ் பிளாஸ்டிக் பொருளாகவே கணக்கிடுகிறது. 2021 ஜூலையிலிருந்து அத்தகைய கப்பின் மேலேயே அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பூச்சு, தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் என்றாலும் இதே கதைதான்.

உணவைக் கேட்காமல் பொருளைத் தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் சொல்வது இதைத்தான். “பிளாஸ்டிக்கிலிருந்து காகிதத்துக்கு மாறுகிறோம்” என்று முடிவு செய்துவிட்டுத்தான் பலர் உறையைத் தேடத் தொடங்குகிறார்கள். உள்ளே போகிற உணவு எதனால் கெடும் என்பதை யாரும் கேட்பதில்லை. மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்கு எதிரி வெளியிலிருந்து வரும் நீராவி. முந்திரி, பாதாம் போன்ற கொழுப்பு நிறைந்த பருப்புகளுக்கு ஆக்சிஜனும் வெளிச்சமும். புதிதாகச் சுட்ட ரொட்டியை மூச்சுமுட்ட அடைத்தால் உள்ளேயே வியர்த்து மேலோடு தளர்ந்துவிடும். அதற்கு மூச்சு விடுகிற காகிதம்தான் நல்லது. பறித்த காய்கறி உறைக்குள்ளும் சுவாசித்துக்கொண்டே இருக்கும்.

தடுப்பு என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பதுதான் குழப்பத்தின் வேர். எண்ணெயைத் தடுப்பது வேறு, தண்ணீரைத் தடுப்பது வேறு, நீராவியைத் தடுப்பது வேறு, ஆக்சிஜனைத் தடுப்பது இன்னும் வேறு. கிளாசின் எனப்படும் நெருக்கி அழுத்திய வழவழப்பான காகிதம் கொழுப்பை நன்றாகத் தாங்கும், நீராவியைப் போகவிடும். பாலிஎத்திலீன் நீராவியை நிறுத்தும். ஆக்சிஜனை அவ்வளவாக நிறுத்தாது. இவிஓஎச், பாலிவினைல் ஆல்கஹால் என்ற இரண்டு பிளாஸ்டிக் வகைகளும் காய்ந்த நிலையில் ஆக்சிஜனை அருமையாகத் தடுப்பவை. ஈரம் ஏறினால் அந்தத் திறன் சரிந்துவிடும். அதனால்தான் அவற்றை ஈரம் புகாத இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைக்கிறார்கள்.

காகிதப் பையில் போட்டு, பாதி நாளிலேயே உணவு கெட்டுக் குப்பைக்குப் போனால் எதை மிச்சம் பிடித்தோம்? அதை விளைவிக்கச் செலவான நிலம், தண்ணீர், எரிபொருள் எல்லாம் அதோடு போகிறது. பெரும்பாலான உணவுகளில் அந்தச் சுமை உறையின் சுமையைவிடப் பல மடங்கு. எவ்வளவு நாள் தாங்க வேண்டும் என்று முதலில் எழுதிவையுங்கள். பொருளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தட்டையான தாளில் சோதித்து, மடித்த பெட்டியை விற்பது

சில வருஷங்களுக்கு முன் எண்ணெய்ப் பலகாரப் பெட்டி ஒன்றில் நான் வேலை செய்தேன். பிளாஸ்டிக் படலம் வேண்டாம் என்று, பாலிமர் துகள்களைத் தண்ணீரில் கலந்து பூசும் டிஸ்பர்ஷன் பூச்சு போட்ட அட்டையைத் தேர்ந்தெடுத்தோம். எண்ணெய்ச் சோதனையில் தாள் முழு மதிப்பெண் வாங்கியது. காகிதத்தில் குறை ஒன்றுமில்லை. நிரப்பிய பெட்டிகளைச் சாயங்காலம் திருப்பிப் பார்த்தால், அடியில் நாலு மூலையிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்த திட்டு. பெட்டியின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. மடிப்புக்கோட்டில் மட்டும் எண்ணெய் இறங்கியிருந்தது.

நடந்தது இதுதான். அட்டையை மடிப்பதற்காக முதலில் மழுங்கிய தகட்டால் அழுத்திக் கோடு போடுவார்கள். அந்த இடத்தில் அட்டையின் அடுக்குகள் உள்ளே பிரிந்து, மடிக்கும்போது ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் இழுபடும். நார் இழுபட்டுக் கொடுக்கும். சுண்ணத் தூள், களிமண் போன்ற நிரப்பிகள் அதிகமுள்ள விறைப்பான பூச்சு கொடுக்காது, விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் எண்ணெய்க்கு வாய்க்கால் மாதிரி. அலுமினியத் தகடு ஒட்டிய அட்டையிலும் மடிப்பில் ஊசித்துளைகள் விழும்.

அதன் பிறகு நான் விடாமல் செய்வது: மாதிரி அட்டையில் கோடு போட்டு, 180 பாகை மடித்து, திரும்ப விரித்து, மடிப்பின் மேல் சாயம் கலந்த எண்ணெயைச் சொட்டுவிட்டு, அடியில் வெள்ளை டிஷ்யூ வைத்து விடுவேன். நாரின் ஓட்டத்துக்கு இணையாக ஒரு மடிப்பு, குறுக்காக ஒரு மடிப்பு; இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பூச்சைத் தடிமனாக ஒரு தடவை போடுவதைவிட மெல்லியதாக இரண்டு தடவை போடுவது நல்லது. முதல் அடுக்கின் துளையும் இரண்டாவது அடுக்கின் துளையும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம்.

சோதனை எண்களை எடுத்துக்கொள்கிற விதத்திலும் தவறு நடக்கிறது. காப் சோதனை என்கிற ஐஎஸ்ஓ 535, குறித்த நேரத்தில் தாள் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்லும். நீராவியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எண்ணெய் தாங்குவதை அளக்கும் கிட் சோதனையில் ஆமணக்கெண்ணெயும் கரைப்பான்களும் கலந்த 12 கலவைகளைச் சொட்டி 15 விநாடி பார்ப்பார்கள். சூடான கொழுப்போடு நாலு மணி நேரம் கிடக்கப் போகிற பெட்டியைப் பற்றி அந்த 15 விநாடி என்ன சொல்லிவிடும்? உங்கள் உணவையே, அதன் சூட்டிலேயே, அதன் நேரத்துக்கு வைத்துப் பாருங்கள். அதேபோல ஆய்வகத்தில் காகிதத்தைச் சோதிப்பது 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில். குளிர்க்கிடங்கில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால், நெளி அட்டைப் பெட்டியின் சுமை தாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். அடுக்கின் அடியில் இருக்கும் பெட்டி நசுங்கும்போது இது தெரியவரும்.

எண்ணெய் ஒட்டாத மாயத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்பது

எண்ணெயும் ஒட்டாமல் தண்ணீரும் ஒட்டாமல் ஒரு காகிதம் முத்து முத்தாய் உருட்டிவிட்டால், எதனால் என்று கேளுங்கள். பல காலமாக அந்த வேலையைச் செய்தவை ஃப்ளோரின் சேர்ந்த பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள். கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு லேசில் உடையாது. அதனால் உறை மக்கிய பிறகும் அவை மண்ணில் தங்கும்; உணவுக்குள்ளும் போகக்கூடும். எனக்கு மனம் ஆறாத விஷயம், மக்கும் என்று விற்கப்பட்ட கரும்புச் சக்கைக் கிண்ணங்கள் பலவற்றில் கூழிலேயே இவை கலந்திருந்ததுதான். நல்ல எண்ணத்தோடு வாங்கியவர்கள் உரக்குழியில் கொட்டியது அதைத்தான்.

டென்மார்க் 2020 ஜூலையில் காகித உணவு உறைகளில் இவற்றைத் தடை செய்தது. அமெரிக்காவில் இவ்வகை எண்ணெய்த் தடுப்பிகளின் விற்பனை நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உறை விதி பொருந்தத் தொடங்கும் நாள் 2026 ஆகஸ்ட் 12. அதன்படி குறிப்பிட்ட ஒரு பிஎஃப்ஏஎஸ் தனியாக நூறு கோடியில் 25 பங்கைத் தாண்டக்கூடாது.

விற்பவர் தரும் கடிதத்தில் “சேர்க்கவில்லை” என்று இருக்கிறதா, “இல்லை” என்று இருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள். முதலாவது, தாங்கள் போடவில்லை என்பது மட்டும். பழைய காகிதக் கூழோடு வந்திருந்தால் அதற்கு அந்தக் கடிதம் பொறுப்பாகாது. மொத்த ஃப்ளோரின் அளவைச் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கூழை நெடுநேரம் அரைத்து நாரை நெருக்கமாகப் படியவைத்தாலே எண்ணெய் இறங்காத காகிதம் கிடைக்கும். கந்தக அமிலத்தில் தோய்த்துக் கழுவி எடுக்கும் பார்ச்மென்ட் காகிதம் கொதிநீரையும் தாங்கும். இரண்டும் பழைய தொழில்நுட்பம்தான்.

மக்கும் என்ற சொல்லோடு நின்றுவிடுவது

எங்கே மக்கும், எத்தனை நாளில், எவ்வளவு சூட்டில்? இந்த மூன்றும் சொல்லாத “மக்கும்” முத்திரையை நான் கணக்கில் எடுப்பதில்லை. இஎன் 13432 என்ற தரம் தொழில்முறை உரக்கூடத்துக்கானது. அங்கே குவியல் 58 டிகிரியை ஒட்டிச் சுடும். 12 வாரத்தில் பொருள் சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது. 6 மாதத்துக்குள் 90 சதவீதம் உயிரியல் முறையில் சிதைய வேண்டும். வீட்டுத் தோட்டத்து உரக்குழி பெரும்பாலும் அந்தச் சூட்டைத் தொடுவதில்லை. பிஎல்ஏ பூசிய கப்பை அங்கே போட்டால் அட்டை போய்ச் சவ்வு கிடக்கும்.

சான்றிதழ் எதற்கு என்பதையும் பாருங்கள். பூச்சுப் பொருளுக்கு வாங்கிய சான்றிதழ், மையும் பசையும் சேர்ந்த முழு உறைக்குப் பொருந்தாது. தடிமன் கூடினாலும் கதை மாறும். உரக்கூடமே இல்லாத இடத்தில் இந்த உறைகள் போய்ச் சேர்வது குப்பைமேட்டுக்கு. காற்றுப் புகாத ஆழத்தில் காகிதம் சிதையும்போது மீத்தேன் வரும்.

தொடாவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பது

மறுசுழற்சி அட்டையில் பழைய செய்தித்தாள் மையிலிருந்து வந்த கனிம எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) இருக்கும். உணவு அட்டையைத் தொடவே வேண்டாம். எண்ணெய் ஆவியாகிக் காற்று வழியே போய் உலர்ந்த உணவில் படியும். உள்ளே பாலிஎத்திலீன் பை இருந்தாலும் அது தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. தண்ணீர் பாட்டில் செய்யும் பிஇடி பிளாஸ்டிக் அல்லது அலுமினிய அடுக்கு வேண்டும், இல்லையென்றால் புதிய நார் அட்டை வேண்டும். இன்னொன்று, வெளிப்பக்கம்தானே அச்சடிக்கிறோம் என்ற நம்பிக்கை. ரோலாகச் சுற்றும்போது, கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது, வெளிப்பக்க மை அடுத்ததன் உள்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே கிடக்கிறது.

வேலையில்லாத அடுக்குகளைச் சேர்ப்பது

கூட்டுப் பொருள் என்றாலே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். குளிர்சாதனம் இல்லாமல் மாதக்கணக்கில் பாலைக் காக்கும் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தோராயமாக 70 முதல் 75 சதவீதம் அட்டை, 20 முதல் 25 சதவீதம் பாலிஎத்திலீன், 5 சதவீதம் அலுமினியம். அந்த அலுமினியத் தகடு 6 மைக்ரானை ஒட்டிய தடிமன்தான். வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் நிறுத்துகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் வேலை இருக்கிறது. உலர்ந்த, சீக்கிரம் விற்றுப்போகும் பண்டத்துக்குப் பளபளப்புக்காக மட்டும் அதே தகட்டை ஒட்டுவதுதான் தவறு.

மறுசுழற்சி ஆலையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நேரில் பாருங்கள். தொட்டியில் தண்ணீரோடு அட்டையைக் கலக்குவார்கள். நார் ஊறிப் பிரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருந்தால் மறுபக்கம் வழியே தண்ணீர் ஏறும். இரண்டு பக்கமும் படலம் ஒட்டினால் ஓரம் வழியாகத்தான் ஏற முடியும். பிரிய நேரமாகும், பிரியாத துண்டுகள் சல்லடையில் நின்று கழிவாகப் போகும். ஒரு பக்கம் போதும் என்கிற இடத்தில் ஒரு பக்கத்தோடு நிறுத்துங்கள்.

மூங்கில் தூளை மெலமைன்-ஃபார்மால்டிஹைடு பிசினில் கலந்து அச்சில் வார்த்த கப்புகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். “மூங்கில்” என்று விற்றாலும் அவை பிளாஸ்டிக். சூடான பானம் ஊற்றினால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இவற்றுக்கு அனுமதி இல்லை.

பிரித்துப் போடக்கூடிய வடிவமைப்பு நல்ல வழிதான்: மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மேல் அட்டை உறை, கிழிக்க ஒரு துளைக்கோடு. ஆனால் கிழிப்பது பயன்படுத்துகிறவர் கையில் இருக்கிறது. துளைக்கோட்டை லேபிளுக்கு அடியில் ஒளித்துவைத்தால் யாரும் கிழிக்க மாட்டார்கள். பத்துப் பேர் கையில் காலி டப்பாவைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், குப்பையில் போடச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் அட்டையைத் தனியாகக் கழற்றுகிறார்கள் என்று எண்ணிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.