பெண்கள் போட்டியில் திருநங்கைகள்: குடும்ப குரூப்பில் சண்டைக்கு இறங்கும் முன்

2024 ஆகஸ்டில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் குத்துச்சண்டை. இத்தாலியின் ஏஞ்சலா கரினி இரண்டு குத்து வாங்கியதும் 46 விநாடியிலேயே "போதும்" என்று ஒதுங்கிவிடுகிறார், எதிரே அல்ஜீரியாவின் இமானே கெலிஃப் நிற்கிறார், மேலே யாரோ "ஆம்பளைய வச்சுப் பொம்பளைய அடிக்கிறாங்க" என்று எழுதியிருந்தார்கள். பெரியப்பா கொதித்தார், அவர் பேத்தி பதிலுக்குக் கொதித்தாள், கால் மணி நேரத்தில் இரண்டு பேர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், திருநங்கைகளை ஆடவிடலாமா கூடாதா என்று அவ்வளவு நேரம் சண்டை போட்டவர்களில் ஒருவருக்குக்கூட, கெலிஃப் திருநங்கையே இல்லை என்பது தெரியாது. பிறந்தபோதே பெண் என்று பதிவாகி, பெண்ணாகவே வளர்ந்தவர் அவர்.

அடுத்த ஒலிம்பிக்குக்கும் இப்படி ஒரு வீடியோ வரும், சந்தேகமே வேண்டாம். அப்போது வாயைத் திறப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று, சில வருடங்களாகத் தடகளத்தை விடாமல் கவனித்துவருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மாவட்டப் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்றவன், அவ்வளவுதான்.

முதல் வேலை, செய்தி யாரைப் பற்றியது என்று பார்ப்பது. இங்கே இரண்டு தரப்பு இருக்கிறது, எல்லோரும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஒன்று, ஆண் என்று பதிவாகிப் பின்னால் பெண்ணாக வாழும் திருநங்கைகள். நியூசிலாந்தின் பளுதூக்கும் வீராங்கனை லாரல் ஹப்பார்ட், அமெரிக்க நீச்சல் வீராங்கனை லியா தாமஸ் இந்த வகை. இன்னொன்று, பிறப்பிலேயே பெண் என்று பதிவானவர்கள், ஆனால் குரோமோசோமோ ஹார்மோனோ புத்தகத்தில் இருக்கிற மாதிரி அமையாதவர்கள். தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா விவகாரம் இது. ஒடிசா ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் விவகாரம் இது. நம்முடைய சாந்தி சௌந்தரராஜன் விவகாரமும் இதுதான்.

சாந்தியைப் பற்றி ஒரு நிமிஷம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். அதன் பிறகு பாலினச் சோதனை என்று ஒன்று வைத்துப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். சில வருடம் கழித்து அவரும் சூளையில் கூலிக்கு நின்றார் என்று பத்திரிகைகளில் படம் வந்தது, அதற்கப்புறம்தான் பயிற்சியாளர் வேலை. இன்றைக்கும் அவரைத் திருநங்கை என்று எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர் ஒருநாளும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஆள் யார் என்று பார்க்காமல் பேசினால் கடைசியில் இங்கேதான் போய் நிற்போம்.

ஆள் தெரிந்துவிட்டதா, சரி, அடுத்து எந்த விளையாட்டு, எந்த மட்டம் என்று கேளுங்கள். "ஆணுக்குப் பலம் அதிகம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் எவ்வளவு அதிகம் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். உலக சாதனைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டரில் ஆண்கள் 9.58, பெண்கள் 10.49. 800 மீட்டரில் 1:40.91, 1:53.28. நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டர், 7.52 மீட்டர். ஓட்டத்தில் வித்தியாசம் சுமார் 9 முதல் 11 சதவீதம், தாண்டுதலில் அது கிட்டத்தட்ட 19 சதவீதம் ஆகிவிடுகிறது.

பத்து சதவீதம்தானே என்று தோன்றும். டிராக்கில் நின்று பாருங்கள். சாந்தி ஓடிய அதே 800 மீட்டரை ஒருவர் 10 சதவீதம் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறார் என்று வையுங்கள். அவர் கோட்டைத் தாண்டி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும்போது சாந்தி கடைசி வளைவு முடிந்து அப்போதுதான் நேர்க்கோட்டில் கால் வைப்பார். இன்னும் 80 மீட்டர் பாக்கி இருக்கும். ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற எங்களுக்கு முதல் ஆளின் நேரத்தை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கக்கூட அவகாசம் கிடைக்கும். பெண்களுக்கென்று தனிப் போட்டி இருப்பதே இந்த 80 மீட்டருக்காகத்தான். இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தனிப் போட்டி இல்லையென்றால் சாந்தியின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

அதே சமயம், இந்த இடைவெளி பிறந்த உடனே வந்துவிடுவதில்லை. பருவமடையும்போதுதான் பெரிதாகிறது. வயது வந்த ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் லிட்டருக்குச் சுமார் 8 முதல் 29 நானோமோல் வரை இருக்கும், பெண்ணுக்குப் பெரும்பாலும் 2-க்குள். அதனால் எட்டு வயதுப் பிள்ளைகளின் ஸ்போர்ட்ஸ் டேவில் இந்த வாதத்தைக் கொண்டுவந்து வைப்பவரிடம் "அண்ணே, இங்க என்ன வேலை" என்று தாராளமாகக் கேட்கலாம்.

விளையாட்டு எது என்று கேட்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: சதுரங்கம். 2023 ஆகஸ்டில் உலக சதுரங்கக் கூட்டமைப்பு, நாங்கள் மேற்கொண்டு முடிவெடுக்கும்வரை திருநங்கைகள் பெண்கள் போட்டியில் ஆட உரிமை கிடையாது என்று அறிவித்தது. சதுரங்கத்தில் எந்தத் தசைக்கு என்ன வேலை? ராணியை நகர்த்த எத்தனை கிலோ தூக்க வேண்டும்? இது சென்னைக்காரர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் நம்மூரில் ஒரு முணுமுணுப்புகூட எழுந்ததாக ஞாபகம் இல்லை. ஓட்டத்துக்குச் சொல்கிற நியாயத்தை அப்படியே பெயர்த்து எல்லாவற்றுக்கும் ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாவது, விதி என்ன சொல்கிறது என்று தேதியோடு பாருங்கள். குரூப்பில் சுற்றுவதில் பாதி பழைய விதி. 2003-ல் ஒலிம்பிக் கமிட்டி, அறுவைச் சிகிச்சையும் இரண்டு வருட ஹார்மோன் சிகிச்சையும் முடிந்திருந்தால் ஆடலாம் என்றது. 2015-ல் அறுவைச் சிகிச்சை தேவையில்லை, டெஸ்டோஸ்டிரோன் ஒரு வருடம் 10 நானோமோலுக்குக் கீழே இருந்தால் போதும் என்றது. 2021 நவம்பரில், ஒவ்வொரு விளையாட்டின் கூட்டமைப்பும் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கையை விரித்துவிட்டது. உடனே கூட்டமைப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. நீச்சல் 2022 ஜூனில், தடகளம் 2023 மார்ச்சில். ஆண் பருவமடைதலைக் கடந்தவர்கள் பெண்கள் பிரிவில் கிடையாது என்பதுதான் சாரம். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளத்தில் பெண்கள் பிரிவில் இறங்குகிற எல்லோருக்கும் ஆயுளில் ஒருமுறை எஸ்.ஆர்.ஒய் (கருவை ஆணாக வளரத் தூண்டும் மரபணு) சோதனை, கன்னத்தின் உட்புறத்தில் ஒரு பஞ்சுக் குச்சியைத் தேய்த்தோ ரத்தத்திலோ எடுப்பார்கள். அந்த மரபணுவை 1990-ல் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே "இதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்" என்று எழுதினார். மரபணு இருப்பது வேறு, அது உடலில் என்ன வேலை செய்கிறது என்பது வேறு என்பது அவர் வாதம்.

ஆராய்ச்சி என்று யாராவது நீட்டினால், யாரை வைத்துச் செய்தது, எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டது என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். அமெரிக்க விமானப்படையினரின் உடல்தகுதிப் பதிவுகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வருட ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் புஷ்-அப், சிட்-அப்பில் திருநங்கைகளுக்கு இருந்த கூடுதல் பலம் போய்விட்டது, ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் இன்னும் 12 சதவீதம் வேகமாக இருந்தார்கள். இதில் ஒரு தரப்பு புஷ்-அப்பை மட்டும் எடுத்துப் போடும், மறு தரப்பு ஓட்டத்தை மட்டும் எடுத்துப் போடும். ஒலிம்பிக் கமிட்டி பணம் கொடுத்து 2024-ல் வந்த இன்னொரு ஆய்வில், திருநங்கை வீராங்கனைகளுக்குக் கைப்பிடி பலம் மற்ற பெண்களைவிட அதிகம், ஆனால் துள்ளிக் குதிக்கும் உயரம் குறைவு. அதில் இருந்த திருநங்கைகள் 23 பேர். 23 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது, ஆனால் ஆய்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்தவரை, சிகிச்சை தொடங்கிய பின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சில மாதங்களில் இறங்கிவிடுகிறது, தசை மெதுவாகத்தான் கரைகிறது, உயரமும் எலும்பும் எங்கும் போவதில்லை. நன்றாகப் பயிற்சி எடுத்த விளையாட்டுக்காரர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் குறைவு என்பதுதான் இதில் பெரிய ஓட்டை.

அப்புறம் எண்ணிக்கை. படையெடுத்து வருகிறார்கள் என்கிற தொனியில் பேசுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்: 2024 டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் செனட்டில், 5,10,000 விளையாட்டுக்காரர்களில் தமக்குத் தெரிந்து திருநங்கை, திருநம்பிகள் பத்துப் பேருக்கும் குறைவு என்றார். லாரல் ஹப்பார்ட் டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று முயற்சியிலும் தூக்க முடியாமல் வெளியேறினார். லியா தாமஸ் 2022 அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் 500 கெஜம் நீச்சலில் முதலிடம், அதே போட்டியில் 200 கெஜத்தில் ஐந்தாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார், 100 கெஜத்தில் எட்டாமிடம். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதாலேயே கேள்வி செல்லாது என்று ஆகிவிடாது. இறுதிப் போட்டியில் எட்டு லேன்தான், ஒன்பதாவதாக வந்து வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அந்த ஒரு லேன்தான் முழுக் கணக்கு. அவளுடைய ஆதங்கத்தை வெறுப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் பலரும் தாண்டிப்போகிற ஒன்று, "சோதனை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்கிற பேச்சு. 1966-ல் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பெண்களை டாக்டர்கள் முன்னால் நிர்வாணமாக நிற்கவைத்துப் பார்த்தார்கள். அப்புறம் 1968 ஒலிம்பிக்கிலிருந்து குரோமோசோம் சோதனை. 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு மாறுபட்ட முடிவு வந்தது, விசாரித்துவிட்டு எட்டுப் பேரையும் போட்டியில் ஆட அனுமதித்தார்கள். 1999-ல் இது வேலைக்கு ஆகாது என்று கைவிட்டார்கள். 2025-ல் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

சோதனை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒரு மாவட்டப் போட்டி. ஊர் பெயர் வேண்டாம். 400 மீட்டர் முடிந்ததும் மூன்றாவது வந்த பெண்ணின் பயிற்சியாளர் நேராக மேஜைக்கு வந்து, முதலில் வந்த பிள்ளையைக் கைகாட்டி "அது பொண்ணே இல்ல சார், குரலக் கேளுங்க" என்றார். கிராப் வெட்டிய தலை, ஒட்டிய கன்னம், பதினாறு வயது. அந்தப் பிள்ளை அழவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, நான்காக மடித்த பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, இதை அவள் எத்தனை மேஜைகளில் பிரித்து வைத்திருப்பாள் என்று. அவள் திருநங்கை இல்லை, வேறெதுவும் இல்லை. பார்க்கப் பையன் மாதிரி இருந்தாள், அவ்வளவுதான். "திருநங்கைகளைத் தடுப்போம்" என்று ஆரம்பிக்கிற விதியில் நடைமுறையில் முதலில் மாட்டுவது இந்த மாதிரிப் பிள்ளைகள்தான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு நிலைப்பாடு எடுங்கள், எடுக்காமல் நழுவ வேண்டாம். என்னுடையது இது: ஒலிம்பிக், உலகப் போட்டி மட்டத்தில், ஓட்டம், நீச்சல், பளு, குத்துச்சண்டை மாதிரி உடல்பலம் முடிவைத் தீர்மானிக்கிற விளையாட்டுகளில், ஆண் பருவமடைதலைக் கடந்தவர்களுக்குக் கட்டுப்பாடு வைப்பது நியாயம் என்று நினைக்கிறேன். பிறப்பிலிருந்தே பெண்ணாக வாழ்ந்த சாந்தி, செமன்யா போன்றவர்களை அதே தராசில் வைத்தது நியாயமில்லை என்றும் நினைக்கிறேன். டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால்தான் ஓடலாம் என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்ட செமன்யாவுக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே சொன்னது, ஓடுகிற வயதெல்லாம் போன பிறகு. உங்கள் முடிவு வேறாக இருக்கலாம், ஆனால் எந்த விளையாட்டு, எந்த மட்டம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்களே ஊரில் போட்டி நடத்துகிறவர் என்றால் வேலை இன்னும் எளிது. பொங்கல் விளையாட்டு, ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், தெரு வாலிபால் என்றால் திருநங்கை ஒருவர் பெயர் கொடுக்க வந்தால் எந்தப் பிரிவில் ஓட விருப்பம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிசு குடமும் டிபன் கேரியரும்தான். பரிசுத்தொகை பெரிது, யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்த பிரிவு ஒன்றைச் சேர்த்து, விதியை நோட்டீஸிலேயே முன்கூட்டி அச்சடித்துவிடுங்கள், போட்டி முடிந்த பிறகு விதி கண்டுபிடிக்காதீர்கள். மாவட்டத் தேர்வு, மாநில அணி என்று போனால் அந்தக் கூட்டமைப்பின் இப்போதைய விதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மட்டமானாலும் புகார் வந்தால் எழுத்தில் வாங்குங்கள், எழுதியவர் கையெழுத்தோடு. மைக்கில் பெயரைச் சொல்லாதீர்கள், சோதித்துப் பார்க்க டீச்சரைக் கூப்பிட்டுப் பிள்ளையை அறைக்குள் அனுப்பாதீர்கள்.

அன்றைக்கு எங்கள் மேஜையில் யாரும் அந்தப் பயிற்சியாளரிடம் புகாரை எழுதித் தரச்சொல்லிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஜெராக்ஸைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம், அவள் அதே மடிப்பில் மடித்து, கவரில் போட்டு, அடுத்து 200 மீட்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனாள்.