பாய்மரப் படகில் பெருங்கடல் கடப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டக் கடற்கரையின் தூத்தூர், வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்களுக்குக் கடலில் ஒரு மாதம் தங்குவது புதிதல்ல. கொச்சியில் விசைப்படகு ஏறி, லட்சத்தீவுக்கும் அப்பால் சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போட்டுத் திரும்பும் தங்கு தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால், மூன்று பேர் மட்டும் போகும் சிறு பாய்மரப் படகில் வேலைக்கு அழைப்பு வந்தால், ‘இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது’ என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு ஜனவரியில், கொச்சியிலிருந்து ஓமானின் சலாலாவுக்கு, ஏறத்தாழ 1,350 கடல் மைல் தூரத்தை, 38 அடி நீளப் படகில் கடக்கப் புறப்பட்டேன். பதின்மூன்று நாளில் போய்ச் சேர்ந்தோம். கீழே சொல்லும் தவறுகளில் பாதி நான் செய்தவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தூக்கத்தைக் கணக்கில் வைக்காதது. விசைப்படகில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம்; ஒருவன் அசந்தால் இன்னொருவன் எழுந்து நிற்பான். மூவர் படகில் அந்த இன்னொருவன் கிடையாது. முதல் இரண்டு இரவும் புதுமையின் உற்சாகத்தில் மூவருமே மேல்தட்டில் பேசிக்கொண்டு விழித்திருந்தோம். மூன்றாம் நாள் ஒருவர் கடல் மயக்கத்தில் சுருண்டு படுத்துவிட, மற்ற இருவரும் அரைத் தூக்கத்தில் சுக்கான் பிடித்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்கும் முறைக்காவலை, புறப்பட்ட மாலையிலேயே தொடங்கிவிட வேண்டும். மூவர் என்றால் மூன்று மணி நேரக் காவலும் ஆறு மணி நேர ஓய்வும் சரியாக வரும். தூக்கம் வராவிட்டாலும் ஓய்வு நேரத்தில் படுக்கையில் கிடக்க வேண்டும். இந்தியக் கடற்படையின் ரூபா, தில்னா என்ற இரு பெண் அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து 56 அடி நீளத் ‘தாரிணி’யில் புறப்பட்டு, நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, உலகைச் சுற்றி 2025 மே 29-இல் திரும்பினார்கள். இருவர் மட்டும் உள்ள படகில் ஒருவர் உறங்கும்போதெல்லாம் மற்றவர் தனியாள்தான்.

காவலில் இருப்பவர் செய்யும் தவறு, கருவியை நம்பிக் கண்ணை மூடுவது. நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானம் மூன்று கடல் மைலுக்குள் முடிந்துவிடும். 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் பதினைந்து நிமிடத்தில் ஐந்து கடல் மைல் வந்துவிடும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது எழுந்து, அணியம் என்னும் முன்முனை முதல் அமரம் என்னும் பின்முனை வரை சுற்றிலும் பார்க்க வேண்டும். லட்சத்தீவின் மினிக்காய்க்கு வடக்கே ஒன்பது டிகிரிக் கால்வாய் என்ற கடல்வழியில் கப்பல்கள் வரிசையாகப் போகும். கப்பல்கள் தாமாக அனுப்பும் அடையாளச் சமிக்ஞையைப் பிடிக்கும் ஏ.ஐ.எஸ். திரை அவற்றைக் காட்டும். அந்தச் சமிக்ஞைக் கருவி இல்லாமல், விளக்கையும் அணைத்துவிட்டு வலையோடு மிதக்கும் படகைக் காட்டாது. அந்தப் படகில் இருப்பது நம் ஊர்க்காரராகவே இருக்கலாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இரவில் கைப்பேசியைப் பார்க்கவே கூடாது. அந்த வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம்.

அடுத்தது, நீச்சல் தெரியும் என்ற தைரியம். பாதுகாப்பு வாரை உடம்பில் கட்டிப் படகோடு கொக்கி மாட்டச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு நாட் வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் நகர்கிறது. ஒரு நிமிடத்தில் விழுந்தவருக்கும் படகுக்கும் இடையே 180 மீட்டருக்கு மேல் ஆகிவிடும், அலைகளுக்கு நடுவே தலை தெரியாது. விசைப்படகை உடனே திருப்பலாம். பின்காற்றில் பாய் விரித்து, பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் பாய்க்கட்டையைக் கயிற்றால் இழுத்துக் கட்டி ஓடும் படகைத் திருப்ப முதலில் அந்தக் கட்டுகளை அவிழ்க்க வேண்டும். அதற்குள் பல நிமிடங்கள் போய்விடும். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க அமரத்தில் ஒற்றைக் கையால் பிடித்து நிற்பதுதான் மிக ஆபத்தான நேரம். அதற்கு, படகுக்குள் இருக்கும் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதில் எந்த மானக்குறைவும் இல்லை.

காற்று கூடிய பிறகு பாயைச் சுருக்கலாம் என்று காத்திருப்பதும் பழக்கதோஷம்தான். பின்காற்று ஏமாற்றும்: 18 நாட் காற்றில் படகு ஆறு நாட் ஓடினால், நம்மேல் படுவது 12 நாட் மட்டுமே. படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பும்போதுதான் உண்மை தெரியும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாய் மீது விழும் விசை நான்கு மடங்காகும். சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த அந்தக் கணமே சுருக்கிவிட வேண்டும். அந்திக்கு முன் சுருக்கிவிட்டால் ஓய்வில் இருப்பவரை நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை. பருவத்தையும் மதிக்க வேண்டும். 2017 நவம்பர் 30-இல் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து லட்சத்தீவை நோக்கிப் போன ஒக்கிப் புயலின் பாதைதான் மேற்கே போகும் பாய்மரப் படகுகளின் பாதையும். ஜனவரியின் வாடைக் காற்றுக்காகக் காத்திருப்பது கோழைத்தனம் அல்ல.

சமையலறையில் நான் கற்றது வலியோடு. அங்கே அடுப்பு ஊஞ்சல்போல் ஆடி மட்டத்தில் நிற்கும். ஆனால் கையில் இருக்கும் குவளை நம்மோடு சேர்ந்து சாயும். குவளையைப் பிடித்துக்கொண்டு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றியபோது படகு ஓர் அலையில் சரிந்து, கொதிக்கும் சாயா கைலியைத் தாண்டித் தொடையில் விழுந்தது. குவளையைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். கொந்தளிப்பான நாளில் கைலியை விட்டு, மழைக்குப் போடும் தடித்த கால்சட்டையோடுதான் சமைக்க வேண்டும். கஞ்சிக்குக் குக்கரே நல்லது. கவிழ்ந்தாலும் பூட்டிய மூடி திறக்காது.

உணவு வாங்குவதிலும் ஊர்ப்பாசம் கெடுதல் செய்யும். மார்த்தாண்டம் சந்தையில் வாங்கி அமரத்தில் தொங்கவிட்ட மட்டி வாழைக்குலை ஐந்தாம் நாள் ஒரே வேளையில் பழுத்தது. இரண்டு நாள் மூன்று வேளையும் பழம் தின்றோம், மிச்சத்தைக் கடலுக்குக் கொடுத்தோம். பச்சை மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். அவித்து உலர்த்திய கிழங்கையே எடுத்துப்போக வேண்டும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே பையில் போடக்கூடாது. அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும், கரப்பான் முட்டை அவற்றில்தான் ஏறி வரும். தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, எதிர்பார்க்கும் நாள்களில் பாதியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். முழுவதையும் ஒரே தொட்டியில் நிரப்பினால், அதில் உப்பு நீர் கசிந்த அன்றே எல்லாம் போயிற்று. பாதியாவது கேன்களில் இருக்கட்டும்.

கடைசித் தவறு கரை தெரியும்போது வருகிறது. களைத்தவருக்குத் துறைமுக விளக்கைக் கண்டால் பொறுக்காது. இரவோடு இரவாக உள்ளே நுழைந்து குளித்துப் படுக்கத் தோன்றும். எங்கள் குமரி மாவட்டத் தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல்மேட்டு அலை, வாழ்நாள் முழுவதும் அந்த வழியே போய்வந்தவர்களின் படகுகளையே கவிழ்த்திருக்கிறது. அறியாத துறைமுகத்துக்கு வெளியே பாயைச் சுருக்கி, காவல் முறையைக் கலைக்காமல், விடியும்வரை ஆழக்கடலில் நிற்க வேண்டும். சலாலாவின் விளக்குகளைப் பார்த்தபடி நாங்கள் ஒன்பது மணி நேரம் நின்றோம். அதில் ஆறு மணி நேரம் நான் தூங்கினேன்.