பரிசோதனைக்கு வராத கர்ப்பிணியை வரவழைப்பது எப்படி

ஒரு கர்ப்பிணி குறித்த நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வராவிட்டால், அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை வீட்டுக்குச் சென்று காரணத்தைக் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரானாலும் மகளிர் குழு உறுப்பினரானாலும், உங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுவே அடிப்படை. ஆனால் மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது என்னும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. முன்பு கரு கலைந்தவர்கள் இன்னும் கூடுதலாக மறைப்பார்கள். ஆகவே நாள் தள்ளியிருக்கிறதா என்பதைத் தெருவில் வைத்துக் கேட்காமல், அவரிடம் தனியாகக் கேளுங்கள். ஊருக்குத் தெரியாமலே பதிவு செய்யலாம் என்றும், ஃபோலிக் அமில மாத்திரை முதல் வாரங்களில்தான் அதிகம் பயன்படும் என்றும் சொன்னால், தயங்குகிறவர்களும் பெரும்பாலும் இசைவார்கள்.

அடுத்த தடை கூலி. என் கணிப்பில் அறியாமையைவிட இதுவே பெரியது. காலையில் வரிசையில் நின்று மதியம் திரும்பும் பெண்ணுக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. துணைக்கு வரும் மாமியாருக்கோ கணவருக்கோ இன்னொரு நாள் கூலி போகிறது. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், பேருந்தே வராத ஊருக்கு அது உதவாது. ஒரே தெருவில் இரண்டு மூன்று கர்ப்பிணிகள் இருந்தால் ஒரே நாளில் சேர்ந்து போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். மூத்த பிள்ளையை அன்று யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் ஒரே வருகையில் முடித்துத் தரச் செவிலியரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்தபின் ரத்தம் எடுக்க 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அது தெரியாமல் வந்தவர் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென அரசு மருத்துவமனைகளில் நடக்கும் சிறப்பு முகாமில் மருத்துவரே பார்ப்பார். நான்காம் மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நாளை நினைவூட்டுங்கள்.

வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. முந்தைய வருகையில் யாரோ கடிந்து பேசியிருப்பார்கள். மூன்றாவது பிள்ளையா என்று பலர் முன்னிலையில் கேட்டிருப்பார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு வரச் சொல்லி எத்தனை முறை அறிவுரை கூறினாலும் பயனில்லை. அடுத்த முறை நீங்களே உடன் செல்லுங்கள். நடந்ததை, அந்தக் கர்ப்பிணியின் பெயரைச் சொல்லாமல், மருத்துவ அலுவலரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையால் குமட்டலோ மலச்சிக்கலோ ஏற்பட்டு, அதை நிறுத்தியதற்குத் திட்டு விழும் என்று பயந்து வராதவர்களும் இருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பானதுதான் என்றும், இரவு உணவுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும் என்றும் விளக்குங்கள். தேநீருடன் சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போது, மிகவும் தேவையான கடைசி மாதங்களில் பரிசோதனை அறுந்துபோகிறது. புறப்படும் முன்பே தாய் சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தரப்பட்ட எண்) எடுத்துக்கொள்ளச் சொல்லி, அந்த ஊர்ச் செவிலியருக்கு நீங்களே தொலைபேசியில் தகவல் கொடுங்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை அவரிடமும் அவருடைய தாயிடமும் சொல்லி அனுப்புங்கள்.