சண்டையில்லாமல் விவாகரத்து: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

செட்டிநாட்டில் ஒரு தம்பதி பிரிவதென்று முடிவானால் முதல் போன் பெண்ணின் அம்மானுக்குப் போகும். அடுத்து இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு வளவில் (முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில்) உட்கார்வார்கள். வக்கீல் பேச்சு வருவது அதற்கெல்லாம் பிறகுதான். இந்த வரிசையில் தப்பில்லை. பேசியதை எழுதாமல் விடுவதும், எழுதியதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் விடுவதும்தான் பின்னால் வழக்காக வெடிக்கிறது. சம்மத விவாகரத்தில் நீதிமன்ற வேலை குறைச்சல். நகை, பணம், பிள்ளை, ஏற்கெனவே நடக்கும் வழக்கு ஆகிய நாலு கணக்கையும் மனு போடுமுன் முடிப்பதுதான் உண்மையான வேலை. அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

படி 1: உங்களுக்கு எந்த வழி?

இந்து முறைப்படி (சுயமரியாதைத் திருமணமும் இதில் சேரும்) மணந்தவர்களுக்கு 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 13-பி. இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுவது இதுதான், 1976இல் சேர்க்கப்பட்டது. பதிவுத் திருமணம் என்று 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்திருந்தால் பிரிவு 28. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் பிரிவு 10-ஏ. அதன் வாசகப்படி இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு, இருவரும் ஒத்துப் பிரிவது முபாரத், மனைவி கேட்டுப் பிரிவது குலா. ஜமாத்தில் பேசித் தீர்க்கலாம். ஆனால் அந்த நிலையைச் சட்டப்படி உறுதிசெய்யக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு.

விவாகரத்து இப்போதைக்கு வேண்டாம், ஆனால் சேர்ந்திருக்கவும் முடியாது என்றால் இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 10-இன்படி நீதிமன்றப் பிரிவினை கேட்கலாம். திருமணம் தொடரும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் நிற்கும். வேறு திருமணம் செய்ய முடியாது. ஒருவர் மட்டும் கொடுமை, கைவிடுதல் போன்ற காரணம் காட்டிப் போடுவது பிரிவு 13. அது சண்டை வழி, இங்கே விரிக்கவில்லை.

முத்திரைத்தாளில் "இன்று முதல் எங்களுக்குள் சம்பந்தமில்லை" என்று எழுதி, இரண்டு சாட்சி போட்டு, தாலியை வாங்கிக்கொண்டு அத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நோட்டரி முத்திரை இருந்தாலும் அது விவாகரத்து ஆகாது. சில சமூகங்களின் வழக்கத்தைப் பிரிவு 29 காக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் பழையது, தொடர்ந்து நடப்பது என்று சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாம் திருமணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82-இன்படி ஏழு வருடம் வரை தண்டனையும் வரலாம். கோயில் கணக்கும் அப்படித்தான். நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில் புள்ளியாக (அங்கே பதிவான குடும்பமாக) இருந்தாலும், அங்கே பெயரைத் திருத்துவது சமூகக் கணக்கு. சட்டத்துக்கு அது தெரியாது.

படி 2: தேதியை எண்ணுங்கள்

13-பி மனு போடும் நாளில் நீங்கள் குறைந்தது ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். பிரிந்திருப்பது என்றால் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தாம்பத்தியம் இல்லையென்றால் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. ஒரே வளவில் இரண்டு அறை என்று இருக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். கல்யாணமானதும் புதுத் தம்பதியை "வேறு வைப்பது" இதில் சேராது. அது மாமியார் அடுப்பிலிருந்து பிரிவது, ஒருவரையொருவர் பிரிவதல்ல. தேதியை உத்தேசமாகச் சொல்லாமல், ஊர் மாறியது, வேலைக்குப் போனது என்று ஒரு நிகழ்வோடு பொருத்தி எழுதுங்கள். நீதிபதி கேட்கும்போது இருவரும் வெவ்வேறு மாதம் சொன்னால் அங்கேயே சந்தேகம் வரும்.

மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து இரண்டாம் முறை வாக்குமூலம் தரப் போக வேண்டும். 18 மாதத்துக்குள் போயாக வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பானது. பலர் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வருவார்கள். முதல் மனுவுக்கு முன்பே ஒரு வருடமும் அதற்கு மேல் ஆறு மாதமும் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் தீர்ந்திருக்க வேண்டும். அப்போதும் தருவதா என்பது நீதிபதியின் விருப்பம். பிரிந்து 13 மாதமானவர் தள்ளுபடி கேட்டு மனுப் போட்டு அலைவதைவிட ஆறு மாதம் சும்மா இருப்பது மேல்.

படி 3: நகையும் சாமானும்

பணத்தைப் பற்றி ஒத்துப்போகிற குடும்பங்கள்கூட இங்கேதான் முட்டிக்கொள்கின்றன. கல்யாணத்தின்போதும் அதற்கு முன்பின்னும் பெண்ணுக்கென்று கொடுத்தது எல்லாம், எந்த வீட்டார் கொடுத்திருந்தாலும், அவளுடைய சீதனம். கணவன் வீட்டுப் பெட்டியில் இருப்பதால் அது கணவனுடையது ஆகிவிடாது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கழுத்துருவும் (நகரத்தார் பெண்களின் தாலி நகை) இதற்குள் வரும்.

செய்ய வேண்டியது: கல்யாணத்தின்போது எழுதிய சிட்டையை (நகை, சாமான் பட்டியலை) வெளியே எடுங்கள். இரண்டு வீட்டுப் பிரதிகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். தங்கத்தைக் கிராமில் எழுதுங்கள் (ஒரு பவுன் 8 கிராம்). ரூபாயில் எழுதினால் ஆறு மாதத்தில் விலை ஏறி, கொடுக்கிறவர் பணமாகத் தருகிறேன் என்பார், வாங்குகிறவர் நகையாகக் கேட்பார். கல்லும் அரக்கும் சேர்ந்த எடையா, கழித்த எடையா என்று எழுதுங்கள். விற்றது, அடகு வைத்தது, உருக்கி வேறு நகை செய்தது தனிப் பத்தி. வெள்ளிச் சாமான், எவர்சில்வர், பித்தளை, மரச்சாமான் எல்லாம் வளவு அறையில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்பதே ஒரு தகராறாகும். இரு தரப்பிலும் ஒருவர் நின்று அறையைத் திறந்து, படம் எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கி, அதே நாளில் வண்டியில் ஏற்றிவிடுங்கள். "அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று விட்ட அண்டா குண்டானுக்காக இரண்டு வருடம் பேசாமல் இருக்கும் உறவுகள் உண்டு.

படி 4: பணமும் சொத்தும்

ஒரே தொகையா, மாதாமாதமா என்று முதலில் முடிவெடுங்கள். ஒரே தொகை என்றால் கணக்கு அன்றோடு முடிகிறது. மாதத் தொகை வாங்குகிறவருக்கு வருமானமாகக் கருதப்பட்டு வரி வரலாம். ஒரே தொகை வருமானமல்ல, மூலதன வரவு என்று 1983இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சம்பளம், கடன், வாடகை, கடை வருமானம் ஆகியவற்றை இருவரும் மறைக்காமல் எழுதிப் பரிமாறிக்கொள்ளாமல் தொகை பேசுவதில் பயனில்லை.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். பாதியை மனு போடும் நாளிலும் மீதியை இரண்டாம் வாக்குமூல நாளிலும் டிடியாகக் கொடுங்கள். டிடி எண்ணை மனுவிலேயே எழுதுங்கள். முழுத் தொகையையும் முன்னாலேயே கொடுத்தால் வாங்கியவர் இரண்டாம் முறை வராமல் போகலாம். முழுதையும் பின்னால் என்றால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை இருக்காது. சம்மதத்தைத் தீர்ப்பாணை வரும் நிமிடம் வரை யாரும் திரும்பப் பெறலாம் என்பதை இரு தரப்பும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு, நிலம் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் நேரம் பார்த்துச் செய்யுங்கள். கணவன் மனைவிக்கிடையே தானசெட்டில்மெண்ட் எழுதும்போது தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர் என்ற முறையில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. தீர்ப்பாணைக்குப் பின் அவர்கள் குடும்பமல்ல, சலுகையும் இல்லை. அதனால் பத்திரத்தை இரண்டாம் வாக்குமூலத்துக்கு ஒட்டிய நாளில் வைத்துக்கொள்வது நல்லது. பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் மருமகளுக்குப் பங்கு கிடையாது. பேரப்பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் உள்ள உரிமையோ பெற்றோர் பிரிந்ததால் போகாது. மைனர் பிள்ளையின் சொத்துப் பங்கை "விட்டுக்கொடுத்தோம்" என்று தாய் தகப்பன் எழுதுவதும் நிற்காது. அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையும் அப்படியே.

படி 5: பிள்ளைகள்

ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் வழக்கமாகத் தாயிடம். அதற்கு மேல் பிள்ளையின் நலனே அளவுகோல். "வேண்டும்போது பார்க்கலாம்" என்று எழுதுவது அழகாக இருக்கும், நடக்காது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். பொங்கல், பிள்ளையார் நோன்பு, வீட்டுப் படைப்பு (முன்னோர் வழிபாடு) ஆகியவற்றில் எது யாரோடு என்பதும் வேண்டும். நகரத்தார் வீடுகளில் பையனுக்குக் கார்த்திகைப் புதுமை, பெண்ணுக்குத் திருவாதிரைப் புதுமை எந்த வீட்டில், யார் செலவில் என்று இப்போதே பேசிவிடுவது நல்லது. சடங்கு வரும் மாதத்தில் பேசினால் பழைய கோபம் எல்லாம் சேர்ந்து வரும். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும், பாஸ்போர்ட் புதுப்பிக்க மற்றவர் கையெழுத்துத் தருவார் என்ற இரண்டு வரிகளையும் மறக்காதீர்கள்.

படி 6: நடக்கும் வழக்குகள்

ஜீவனாம்ச வழக்கு, குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு இருந்தால் அந்தந்த நீதிமன்றத்தில் வாபஸ் வாங்கலாம். வரதட்சணைக் கொடுமை வழக்கு (பழைய 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 85) வாபஸ் வாங்கித் தீராது. உயர் நீதிமன்றம்தான் ரத்துசெய்ய வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. "இரு தரப்பும் வழக்குகளை முடித்துக்கொள்ளும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், வழக்கு எண், நீதிமன்றம், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று எழுதுங்கள். விவாகரத்து கிடைத்த பிறகு ரத்து மனுவுக்குக் கையெழுத்துப் போட ஆள் வராத கதைதான் அதிகம். ஒரு தவணைப் பணத்தை ரத்து உத்தரவோடு கட்டிவைத்தால் அது நடக்காது.

படி 7: மனு

கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர் ஆகியவற்றில் இருவருக்கும் வசதியான ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். குடும்ப நீதிமன்றம் இருக்கும் பகுதியில் அங்கே. இல்லாத பகுதியில் சார்பு நீதிமன்றம். பெண் சென்னையில், பையன் பெங்களூரில், கல்யாணம் மட்டும் காரைக்குடியில் என்றால் சென்னையே சௌகரியம். குலதெய்வம் இருக்கும் ஊர் என்பதற்காக இங்கே போட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பல்லவன் ரயிலில் வர வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: திருமணப் பதிவுச் சான்று (இல்லையென்றால் பத்திரிகை, தாலி கட்டும் படம், இரு வீட்டாரும் எழுதும் திருமண ஒப்பந்தமான இசைகுடிமானத்தின் பிரதி), இருவரின் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கையெழுத்தான உடன்படிக்கை, நகைப் பட்டியல். ஒரே வக்கீலை வைத்துக்கொண்டால் செலவு மிச்சம். ஆனாலும் உடன்படிக்கையை மட்டும் இன்னொரு வக்கீலிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

படி 8: இரண்டு வாக்குமூலம்

முதல் முறை நீதிபதி கேட்பது சில கேள்விகள்தான்: சம்மதம் சொந்த விருப்பமா, வற்புறுத்தல் உண்டா, சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா. ஆலோசகரிடம் அனுப்புவார்கள்; இருவரும் போங்கள், அது சடங்கல்ல. அங்கே பழைய குறைகளைக் கிளறினால் மனு சம்மத மனுவாக நிற்காது. பெரியவர்கள் வெளியே வராந்தாவில் இருக்கட்டும். இரண்டாம் முறை அதே வாக்குமூலம், மீதி டிடி, தீர்ப்பாணை.

வெளிநாட்டில் இருப்பவர் பிரதிநிதிக்குப் பவர் பத்திரம் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம்; இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். காணொலி வழி வாக்குமூலத்துக்கு முன்கூட்டியே மனுப் போட வேண்டும். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வாங்கிய தீர்ப்பு, இருவரும் அந்த நீதிமன்றத்துக்கு ஒத்துக்கொண்டு, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் மேல் வந்திருந்தால்தான் இங்கே செல்லும் (நரசிம்ம ராவ் வழக்கு, 1991).

தீர்ப்புக்குப் பின்

சான்றிட்ட நகல் ஆளுக்கு மூன்று வாங்குங்கள். குடும்ப நீதிமன்றத்தில் சம்மதத்தோடு வந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. சார்பு நீதிமன்றத் தீர்ப்பாணை என்றால் மறுமணத் தேதி குறிக்குமுன் மேல்முறையீட்டுக் காலம் பற்றி வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், கூட்டு வங்கிக் கணக்கு, லாக்கர். பி.எஃப்., காப்பீடு, வைப்புத்தொகை எல்லாவற்றிலும் நாமினி பெயரை நீங்களே போய் மாற்ற வேண்டும்; தீர்ப்பாணை வந்ததும் அது தானாக மாறும் என்று நினைத்துப் பழைய பெயரையே விட்டுவைப்பவர்கள்தான் அதிகம்.