பி.எல். 4751 அலமாரிக்கு முன்னால் நில்லுங்கள்

மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக்காகத் தேடும்போது எனக்குக் கைகொடுத்த எண் இது. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் (அலமாரியில் PL என்று இருக்கும்) தமிழ் இங்கேதான் தொடங்குகிறது. கணினியில் பார்த்த ஒரு நூலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பதையும் புரட்டுங்கள். பாடபேதங்களோடு (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களோடு) வந்த மூலப்பதிப்பு, சொல்லடைவு (ஒரு நூலின் சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்ற பட்டியல்), அகராதி எல்லாம் அருகருகே இருக்கும். மூல வரிகளை மேற்கோள் காட்டுமுன் பாடபேதத்தைப் பாருங்கள்.

கருத்தரங்குத் தொகுப்புகளை ஒதுக்காதீர்கள். 1966இல் இதே கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைகளை நான் துணைநூற்பட்டியலிலிருந்துதான் வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பட்டியலும் இன்னும் பத்து நூல்களைக் காட்டியது.

சரி, தோட்டத் தொழிலாளர் வரலாறு வேண்டுமா? அது பி.எல்.லில் இருக்காது. மலேசிய வரலாற்றுக்கு டி.எஸ். (DS), தொழிலாளர் பற்றியதற்கு எச்.டி. (HD) பக்கம் போங்கள். அப்புறம், ஆய்வேடுகளை நூலகரிடம் தனியாகக் கேளுங்கள்.